பூநாரைக்கு ரோஜா நிறம் கொடுப்பது யார்?

போன பொங்கல் விடுமுறையில் அக்கா குடும்பத்தோடு வேதாரண்யம் போயிருந்தோம். அவ்வளவு தூரம் போய்விட்டு, பக்கத்திலேயே இருக்கும் கோடியக்கரையைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறுமா? விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். அக்கா பையனுக்குத்தான் ரொம்ப அவசரம். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். 'பிங்க் பறவை' பார்க்கப்போகிறோம் என்று முதல் நாள் ராத்திரியிலிருந்தே தூங்கவில்லை.

சதுப்பு நிலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்கியபோது, முதலில் ஒன்றுமே தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் கணுக்கால் அளவுத் தண்ணீர், சேறு, பனி. கொஞ்சம் வெளிச்சம் வந்த பிறகுதான் தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடு தெரிந்தது. கூட வந்த வனக் காவலர் பைனாகுலரைக் கொடுத்தார். கோடு, பறவைகளாக மாறியது. ஐம்பது அறுபது பூநாரைகள். எல்லாம் தலையைத் தண்ணீருக்குள் விட்டபடி, ஒரே திசையில் மெதுவாக நடந்துகொண்டிருந்தன.

பையன் பைனாகுலரை இறக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "சித்தி, எல்லாம் பிங்க்கா இருக்கு. நடுவுல ஒண்ணு மட்டும் ஏன் அழுக்கா இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். கூட்டத்துக்கு நடுவே சாம்பலும் பழுப்புமாக ஒரு பறவை. உயரத்திலும் கொஞ்சம் கம்மி.

வனக் காவலர் சிரித்தார். "அழுக்கு இல்ல தம்பி. இன்னும் சின்னப் பிள்ளை. அதுக்கு நிறம் ஏற ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

"அப்போ நிறத்தை யாரு குடுப்பாங்க?"

பெரியவர்கள் நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இந்த வாரப் பகுதி முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நாரை என்று பேர், நாரை இல்லை

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வோம். நீண்ட கால், நீண்ட கழுத்து, தண்ணீரில் நடை. அதனால் நாம் 'பூநாரை' என்கிறோம். சிலர் சத்திமுத்தப் புலவர் தூது அனுப்பிய செங்கால் நாரை இதுதான் என்றும் சொல்வதுண்டு. அது வேறு பறவை. புலவர் பாடிய நாரைக்கு அலகு நேராக, கூராக இருக்கும். பூநாரைக்கு அலகு நடுவில் ஒடித்துவைத்த மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஒரு முறை பார்த்தால் மறக்காது.

நாரைக் குடும்பத்தோடு பூநாரைக்கு நெருங்கிய சொந்தமும் கிடையாது. மரபணுவை வைத்துப் பார்த்த விஞ்ஞானிகள், இதற்கு நெருங்கிய உறவு முக்குளிப்பான்தான் என்கிறார்கள். நம் ஊர்க் குளத்தில் 'பொளக்' என்று முங்கி, வேறு எங்கேயோ தலையைத் தூக்குமே, கையடக்கமான அந்தக் குட்டிப் பறவைதான். ஒருத்தர் ஆள் உயரம், இன்னொருத்தர் ஒரு சாண். சொந்தக்காரர்கள் என்றால் நம்பவா முடிகிறது!

உலகத்தில் மொத்தம் ஆறு வகைப் பூநாரைகள். இந்தியாவில் இரண்டு வகை. பெரிய பூநாரை கிட்டத்தட்ட நான்கு முதல் ஐந்து அடி உயரம் வரை நிற்கும். ஆனால் எடை இரண்டிலிருந்து நான்கு கிலோதான். உடம்பு வெளுத்த ரோஜா நிறம். இறக்கையை விரித்தால்தான் உள்ளே ஒளித்து வைத்திருக்கும் அடர்சிவப்பும் கறுப்பும் தெரியும். சின்னப் பூநாரை குள்ளம், ஆனால் நிறம் அடர்த்தி. நம் கோடியக்கரை, பழவேற்காடு, தனுஷ்கோடிப் பக்கம் நாம் பெரும்பாலும் பார்ப்பது பெரிய பூநாரையைத்தான்.

தலைகீழாக ஒரு சாப்பாடு

அன்று காலை அவை தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பூநாரை குனியும்போது தலை முழுசாகத் தலைகீழாகிவிடும். உச்சந்தலை சேற்றைப் பார்க்கும். மேல் அலகு கீழே போய்விடும், கீழ் அலகு மேலே வந்துவிடும். அலகு வளைந்திருப்பதே இந்தத் தலைகீழ்ச் சாப்பாட்டுக்காகத்தான்.

வாய்க்குள் இருப்பது சதைப்பற்றுள்ள தடித்த நாக்கு. அது பம்பு மாதிரி முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கின்றன. நாம் டீயை வடிகட்டுவதுபோல, தண்ணீர் வெளியே போக, உள்ளே இருப்பது தங்கிவிடும். கூனி இறாலைப்போன்ற பொடிப் பொடி உயிர்கள், புழுக்கள், சின்னச் சின்ன நத்தைகள், விதைகள், பாசி, எல்லாம் அதில் சேர்த்தி. சின்னப் பூநாரையின் சல்லடை இன்னும் நைஸானது. அதற்கு முக்கிய உணவு கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசி. மருந்துக் கடையில் 'ஸ்பைருலினா' என்று மாத்திரை விற்கிறார்களே, அந்த இனம்தான்.

வடிகட்டுவதோடு வேலை முடியவில்லை. 2025-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வைப் படித்தபோது அசந்துவிட்டேன். பூநாரை சவ்வுப் பாதத்தால் சேற்றை மிதித்துக் கலக்குகிறது. தலையை வெடுக்கென்று மேலே இழுத்து, தண்ணீருக்குள் குட்டிச் சுழல் ஒன்றை உண்டாக்குகிறது. அலகை வினாடிக்குச் சுமார் 12 முறை படபடவென்று தட்டுகிறது. தப்பிக்கப் பார்க்கும் பொடி உயிர்கள் எல்லாம் அந்தச் சுழலில் மாட்டி நேராக வாய்க்கு வந்துவிடுகின்றன. நமக்குச் சோம்பலாக நடப்பதுபோலத் தெரிந்த அந்தக் கூட்டம், தண்ணீருக்கு அடியில் இவ்வளவு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நிறம் வரும் வழி

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். நிறம் எங்கிருந்து வருகிறது?

சாப்பாட்டிலிருந்துதான். பாசியிலும், பாசியைத் தின்னும் பொடி இறால்களிலும் கரோட்டினாய்டு என்ற நிறமிகள் இருக்கின்றன. கேரட்டுக்கும் பப்பாளிக்கும் மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறம் தருவது இந்தக் குடும்பம்தான். நம் சமையலறையிலேயே ஒரு சாட்சி உண்டு. இறாலைக் கழுவும்போது சாம்பல் நிறமாக இருக்கும். வாணலியில் போட்டுச் சூடு ஏறியதும் சிவந்துவிடுகிறதல்லவா? ஓட்டுக்குள் புரதத்தோடு ஒட்டிக்கிடந்த நிறமி சூட்டில் விடுபட்டு வெளியே தெரிகிறது. பூநாரைக்கு அடுப்பு தேவையில்லை. அதன் உடம்பே அந்த நிறமியைப் பிரித்து, மாற்றி, புதிதாக முளைக்கும் இறகுக்கும் காலுக்கும் அலகுக்கும் அனுப்பிவிடும்.

இதைச் சொன்னதும் பையன், "அப்போ நான் டெய்லி இறால் சாப்பிட்டா பிங்க் ஆயிடுவேனா?" என்றான். ஆக மாட்டான். ஆனால் கேள்வி முட்டாள்தனமானதும் இல்லை. அளவுக்கு மீறிக் கேரட் சாப்பிட்டால் நமக்கும் உள்ளங்கை மஞ்சளடிக்கும். நிறுத்தினால் சரியாகிவிடும். பூநாரைக்கும் அதே கணக்குத்தான். அந்த நிறமி இல்லாத தீனியைத் தொடர்ந்து கொடுத்தால், இறகு உதிர்ந்து புதிது முளைக்க முளைக்க வெளுத்துவிடும். மிருகக்காட்சி சாலைகளில் தீனியோடு நிறமியையும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான்.

அதாவது, இந்த நிறம் பிறக்கும்போதே கிடைக்கும் சொத்து கிடையாது. தினமும் தண்ணீரிலிருந்து சம்பாதிக்க வேண்டும். ஜோடி தேடும்போது நல்ல நிறத்தோடு இருக்கும் பறவைக்குத்தான் மவுசு. நிறமாக இருந்தால், நன்றாகத் தேடித் தின்கிற, ஆரோக்கியமான பறவை என்று அர்த்தம்.

இதில் ஒரு ஒப்பனை ரகசியமும் உண்டு. வாலுக்கு மேலே உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலும் அந்த நிறமி கலந்து வரும். ஜோடி சேரும் பருவத்தில் பூநாரை கன்னத்தை அதில் தேய்த்து, கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் பூசிக்கொள்கிறது. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இதைக் கவனித்து 2010-ல் எழுதினார்கள். அடிக்கடி பூசிக்கொள்வது பெண் பறவைகளாம். முட்டையிட்டுப் பொறுப்பு வந்ததும் பூச்சு குறைந்து, நிறம் மங்கிவிடும். படித்ததும் அக்காவிடம் சொன்னேன். "இதுக்கு ஆராய்ச்சி வேற வேணுமா?" என்றாள்.

பிள்ளைக்குக் கொடுத்து வெளுப்பவர்கள்

நிறம் மங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு மனசில் நின்றது அதுதான்.

இந்தியாவில் பூநாரை கூடு கட்டும் பெரிய இடம் குஜராத்தின் கட்ச் பாலைவனச் சதுப்பு. 1945-ல் பறவையியலாளர் சாலிம் அலி அங்கே போய்ப் பார்த்தபோது லட்சக்கணக்கில் பறவைகள் கூடியிருந்தன. அந்த இடத்துக்குப் பெயரே 'பூநாரை நகரம்'. அங்கே மரம் கிடையாது, குச்சி கிடையாது. ஈரச் சேற்றை அலகால் இழுத்து இழுத்து, மேலே குழிவிட்ட சின்ன மண்மேடாகக் கட்டும். பார்க்கக் கவிழ்த்துவைத்த மண்சட்டி மாதிரி இருக்கும். அதில் ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும்.

பொரிந்து வரும் குஞ்சுக்கு வெள்ளையும் சாம்பலுமான பஞ்சு உடம்பு. அலகு நேராக இருக்கும்; அதனால் வடிகட்டிச் சாப்பிட வராது. அப்புறம் எப்படிப் பிழைக்கும்? தாயும் தகப்பனும் பால் கொடுக்கின்றன! புறா குஞ்சுக்குக் கொடுக்குமே, அந்த மாதிரித் தொண்டைப் பகுதியில் சுரக்கும் பால். கொழுப்பும் புரதமும் நிறைந்தது. நம் தாய்மார்களுக்குப் பால் சுரக்கக் காரணமான அதே புரோலாக்டின் ஹார்மோன்தான் இங்கேயும் வேலை செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், பூநாரையில் அப்பாவும் பால் கொடுப்பார்.

அந்தப் பால் ரத்தம் மாதிரிச் சிவப்பாக இருக்கும். தாயும் தகப்பனும் வாயிலிருந்து குஞ்சின் வாய்க்குச் சொட்டுவதைப் பார்த்து, ரத்தத்தைக் கொடுக்கிறதோ என்று பயப்படுபவர்கள் உண்டு. ரத்தம் இல்லை. பெற்றவர்கள் தண்ணீரில் தேடித் தேடிச் சேர்த்த அதே நிறமிதான் பாலில் இறங்குகிறது. மாதக்கணக்கில் இப்படி ஊட்டுவதால் பெற்றவர்களின் ரோஜா நிறம் குறைந்து, வெளிறிவிடுகிறது. பிள்ளை சொந்தமாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, மெல்ல மெல்ல நிறத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

சில நாட்களிலேயே குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கி ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அங்கன்வாடி மாதிரி நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் ஒரே கும்பல். சில பெரிய பறவைகள் மேற்பார்வை. அத்தனை சாம்பல் குஞ்சுகளுக்கு நடுவில் தன் பிள்ளையைத் தாய் எப்படிக் கண்டுபிடிக்கும்? குரலை வைத்துத்தான். அந்தக் குரலுக்கு மட்டும்தான் பால்.

இறகு முளைத்துப் பறக்க இரண்டரை மூன்று மாதம் ஆகும். அதற்குள் அலகும் வளைந்துவிடும். அதன் பிறகு நிறத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதுதான். நாங்கள் பார்த்த 'அழுக்கு'ப் பறவை அந்த வேலையில்தான் இருந்தது.

அவசரமில்லை, அதற்குக் காலம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மிருகக்காட்சி சாலையில் 2014-ல் இறந்த ஒரு பெரிய பூநாரைக்கு வயது குறைந்தது 83.

ஒற்றைக்கால் தவம்

இதைக் கேட்காத குழந்தை இல்லை: "ஏன் ஒத்தக்கால்ல நிக்குது?"

நமக்கு ஒற்றைக்காலில் நிற்பது கஷ்டம் என்பதால் அதற்கும் கஷ்டம் என்று நினைக்கிறோம். 2017-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். இறந்துபோன பூநாரையின் உடலை ஒற்றைக்காலில் நிறுத்தியபோது, தசை எதுவும் வேலை செய்யாமலே அது நின்றது. இரண்டு காலில் நிறுத்தினால் அப்படி நிலைக்கவில்லை. மூட்டுகளின் அமைப்பு அப்படி. ஆக, அதற்கு ஒற்றைக்கால்தான் சாய்வு நாற்காலி. மற்றக் காலை இறகுக்குள் இழுத்துக்கொள்வதால் உடம்புச் சூடும் வீணாகாது.

முட்டி பின்பக்கம் மடங்குகிறதே என்றும் பையன் கேட்டான். அது முட்டி இல்லை, கணுக்கால். உண்மையான முட்டி மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

ஒரு சாண் தண்ணீர்

நிறம், பால், பிள்ளை, எல்லாம் கடைசியில் ஒரு விஷயத்தில் வந்து நிற்கிறது. தண்ணீர். அதுவும் அளவான தண்ணீர்.

ஆழம் கூடினால் கால் எட்டாது, தலை சேற்றைத் தொடாது. வற்றிப்போனால் பொடி உயிர்கள் செத்து, சேறு பாளம் பாளமாக வெடித்துவிடும். கட்ச்சில் மழை பொய்த்தால் கூடு கட்ட ஈரச் சேறு இருக்காது. கூடு கட்டியபின் தண்ணீர் சீக்கிரம் வற்றினால், நரியும் நாயும் நடந்தே முட்டைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட வருஷங்களில் அங்கே ஒரு குஞ்சுகூட வளராது. ஒரு வருஷத்தில் ஒரே முட்டை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கமும் அதே கதைதான். கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம். 2002-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் இடம் பிடித்தது. ஆனாலும் சதுப்புக்கு வரும் மழைத் தண்ணீர், கடல் தண்ணீர், பக்கத்து உப்பளங்களின் உப்பு, இவற்றின் கணக்கு மாறினால் பொடி உயிர்களின் கணக்கும் மாறிவிடும். ஒரு காலத்தில் பல்லாயிரக்கணக்கில் பூநாரை இறங்கிய இடம் இது. நாங்கள் பார்த்தது ஐம்பது அறுபது.

பறவைகள் இடம் பார்த்து நகர்கின்றன. இரவில் பறந்து, ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகக்கூடியவை. ஆனால் போகிற வழியில் உயர் அழுத்த மின்கம்பி இருக்கிறது, விமானம் இருக்கிறது. 2024 மே மாதம் மும்பையில் ஒரு விமானம் கூட்டத்தில் மோதி நாற்பதுக்குப் பக்கமாகப் பூநாரைகள் இறந்தன.

நல்ல சேதியும் உண்டு. 2025 ஜூன் 5-ம் தேதி, தமிழக அரசு தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பெரிய பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. ஒரு பறவைக்கு இறங்கிச் சாப்பிட இன்னொரு இடம் உறுதியானது என்று அர்த்தம்.

பார்க்கப் போகிறீர்களா?

தாராளமாகப் போங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்ச் வரை நல்ல காலம். விடியற்காலையில் போங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். சின்ன பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அன்று எங்களுக்குப் பின்னால் ஒரு காரில் நாலைந்து பேர் வந்தார்கள். 'பறக்கும்போது எடுத்தாத்தான் போட்டோ' என்று சொல்லி ஒருவர் கையைத் தட்டிக்கொண்டே சேற்றில் இறங்கினார். கூட்டம் மொத்தமும் எழும்பியது. வானத்தில் ரோஜாவும் கறுப்புமாக விரிந்த அந்தக் காட்சி அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வனக் காவலர் ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டுச் சொன்னது என் காதில் விழுந்தது.

"சார், வயித்துக்குத் தேடிக்கிட்டு இருந்துச்சு. இனி எங்க போய் இறங்குமோ, எப்ப சாப்பிடுமோ. உங்க வீட்ல இலையில உக்காந்தவங்களை இப்படி எழுப்புவீங்களா?"

அவர் ஒன்றும் பேசவில்லை. கரையேறிவிட்டார். போனில் எடுத்த படத்தைக்கூட யாரிடமும் காட்டவில்லை.

கூட்டம் ஒரு வட்டம் அடித்து, இன்னும் தூரத்தில் போய் இறங்கியது. பையன் பைனாகுலரில் தேடிக்கொண்டே இருந்தான். கடைசியில், "சித்தி, அழுக்கு இருக்கு! அதுவும் எறங்கிடுச்சு" என்று கத்தினான். அப்புறம் அவனே திருத்திக்கொண்டான். "அழுக்கு இல்ல... சின்னப் பிள்ளை."

வண்டியில் ஏறும்போது கேட்டான்: "அடுத்த பொங்கலுக்கும் வருவோமா? அதுக்குக் கொஞ்சமாச்சும் பிங்க் வந்திருக்குமில்ல?"

வருவோம் என்று சொல்லியிருக்கிறேன். சதுப்பில் தண்ணீர் இருக்க வேண்டும்.